புன்னை நிழலில் ஒரு துறைமுகப் பட்டினம்

மயிலைக் கபாலீசுவரர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். திருக்குளம் அவர் திருமுகத்துக்கு எதிரே விரிந்து கிடக்கிறது. கீழைக் கோபுரத்தின் வழியாக உள்ளே நுழையும் அன்பர்கள் சந்நிதியை வலமாகச் சுற்றி வந்தே இறைவனைத் தரிசிக்கின்றனர். சந்நிதிக்குப் பின்னால், கிழக்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், வங்கக் கடல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நாள்தோறும் கோயிலுக்கு வருவோரில் பலருக்கு இந்தக் கடல் நினைவுக்கு வருவதில்லை. மாட வீதிகளின் காய்கறிக் கடைகளும் பாத்திரக் கடைகளும் பூக்காரர்களின் குரலும் மயிலையை ஓர் உள்நாட்டு ஊராகவே எண்ணச் செய்துவிட்டன. ஆனால் தேவார காலத்து மயிலை கடலின் ஊர். கப்பல் வந்த ஊர். வணிகர் செல்வம் பெருக்கிய சிறு துறைமுகப் பட்டினம்.

கோயிலுக்குள்ளேயே இதற்குச் சாட்சி நிற்கிறது. தலவிருட்சமாகிய புன்னை மரமே அச்சாட்சி. அம்பிகை மயிலுருவில் இறைவனைப் பூசித்தது இம்மரத்தடியில் என்பது தலபுராணம். புன்னை, நெய்தல் நிலத்து மரம். உப்புக் காற்றைத் தாங்கி, மணற்பாங்கான நிலத்தில் வேரூன்றி, முத்துப் போன்ற வெண்ணிறப் பூக்களை உதிர்ப்பது. சங்கப் புலவர் நெய்தல் திணையைப் பாடும் இடங்களிலெல்லாம் புன்னை நிழல் தவறாமல் வரும். உள்நாட்டுத் தலங்கள் பலவற்றில் வில்வமோ வன்னியோ தலவிருட்சமாக இருக்க, மயிலையில் புன்னை அமைந்தது தற்செயலன்று. அம்பிகை தவம் இயற்றிய வனம் கடற்கரைச் சோலை என்பதை அந்த மரமே சொல்லிக்கொண்டிருக்கிறது.

திருஞானசம்பந்தப் பெருமான் பூம்பாவைப் பதிகத்தை இதே கடற்கரைச் சோலையின் வருணனையோடுதான் தொடங்குகிறார். பாம்பு தீண்டி இறந்த ஒரு கன்னியின் எலும்பும் சாம்பலும் கொண்ட குடத்தின் முன் நின்று, இந்த ஊரின் திருவிழாக்களைக் காணாமலா போய்விடுவாய் என்று அவர் கேட்கிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஆண்டு முழுவதும் நடந்த விழாக்கள் வரிசையாக வருகின்றன. 7ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் பஞ்சாங்கம் எப்படி இருந்தது என்று அறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே பதிகத்தில் ஊரின் நில அமைப்பும் ஊடுபாவாக வருகிறது. அலைகள் உலாவும் கரை, மடல் விரிந்த தென்னை, வேல் ஏந்திய வீரர் வாழும் சேரி, விழாக் கூட்டம் நீங்காத வீதிகள் எல்லாம் அதில் உண்டு. தென்னையைச் சொன்ன வாயோடு மாசிக் கடலாட்டையும் சொல்கிறார். இன்றும் முண்டகக்கண்ணி அம்மன் கருவறையின் மேல் தென்னங்கீற்றுக் கூரையே இருக்கிறது என்பதை மயிலைவாசிகள் அறிவர்.

சாம்பற் குடத்தை வைத்திருந்த சிவநேசர் யார்? வணிகர். பெருஞ்செல்வர். துறைமுகம் ஒன்று இல்லாமல் இத்தகைய வணிகர் இங்கே இருந்திருக்க இயலாது. சம்பந்தர் திருவொற்றியூரில் எழுந்தருளியிருக்கிறார் என்று கேட்டதும், சிவநேசர் மயிலையிலிருந்து ஒற்றியூர் வரைக்கும் வழியெங்கும் நடைப்பந்தல் அமைத்து அலங்கரித்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். அக்காலத்தில் ஒற்றியூருக்கும் மயிலைக்கும் நடுவே சென்னை என்றொரு நகரம் இல்லை. கடற்கரையோரமாக மணலும் தோப்பும் சிறு குப்பங்களும் கூவம் ஆற்றின் முகத்துவாரமும் மட்டுமே இருந்திருக்கும். அவ்வளவு தூரத்துக்குத் துணி கட்டிப் பந்தலிடும் வளமும் ஆள் பலமும் ஒரு தனி வணிகரிடம் இருந்தன என்பதை எண்ணும்போது, அந்த ஊரின் செல்வம் கண்முன் நிற்கிறது. மகளை இழந்த ஒரு தந்தையின் ஏக்கமும் கூடவே நிற்கிறது.

சேக்கிழார் குன்றத்தூர்க்காரர், தொண்டை நாட்டவர். மயிலையை அவர் கேள்வியால் மட்டும் அறிந்தவர் அல்லர் என்றே தோன்றுகிறது. வாயிலார் நாயனார் புராணத்தில் அவர் காட்டும் கடற்கரைக் காட்சி அத்தனை நேர்த்தியானது. கப்பல்கள் கொண்டுவந்து இறக்கிய கரிய யானைக் கன்றுகள் கரையில் நிற்கின்றன. நீர் முகக்க வந்த கார்மேகங்கள் கடலில் படிந்திருக்கின்றன. இளம் எருமைகளும் அங்கே திரிகின்றன. எது யானைக் கன்று, எது மேகம், எது எருமை என்று தூரத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லையாம். கவிஞரின் கற்பனை கலந்தது இது என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் கடல் கடந்து யானைகள் வந்து இறங்கிய துறை என்ற செய்தி கற்பனைக்கு அடியில் இருக்கிறது. அதே புராணத்தில் மயிலையைப் பல பெருங்குடிகள் தலைமுறை தலைமுறையாக நிலைத்து வாழ்ந்த செல்வப் பதி என்றும் அவர் சிறப்பிக்கிறார். ஒரு துறைமுகத்தின் மக்கட்தொகையைப் பற்றி 12ஆம் நூற்றாண்டு தந்திருக்கும் கணக்கு இதுதான். எண் இல்லை, ஆனால் வந்து போகும் கூட்டம் மட்டுமன்று, வேரூன்றிய குடிகளும் இருந்தார்கள் என்பது அதில் தெளிவு.

அவ்வளவு ஆரவாரமான துறையில் பிறந்த வாயிலார், வாய் பேசாமல் வழிபட்டவர். மனத்திலேயே கோயில் கட்டி, ஞானத்தையே விளக்காக்கி, ஆனந்தத்தையே திருமஞ்சனமாக்கி, அன்பையே அமுதாகப் படைத்தார். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் இவரை ஊர்ப் பெயரோடு சேர்த்தே போற்றுகிறார். அந்த ஊரைப் பழமையான மயிலை என்றும் குறிக்கிறார். சுந்தரர் காலத்துக்கே மயிலை பழைய ஊர்! மார்கழி ரேவதியில் அவருடைய குருபூசை நடைபெறுகிறது.

பழமைக்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் கிரேக்க நிலநூலார், இக்கடற்கரையின் வணிகத் தலங்களைக் குறிக்கும்போது மலியார்பா என்றொரு பெயரைச் சொல்கிறார். அது மயிலாப்பூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் மீது பாடப்பட்ட நந்திக் கலம்பகம், அவனை மல்லைக்கும் மயிலைக்கும் உரியவனாகப் புகழ்கிறது. மல்லை என்பது மாமல்லபுரம். பேரரசன் ஒருவன் தன் இரு துறைமுகங்களின் பெயரால் அழைக்கப்பட்டான்; அவற்றில் ஒன்று மயிலை.

இந்தப் பட்டினத்தின் நில அமைப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். வடக்கே கூவம், தெற்கே அடையாறு. இரண்டு ஆறுகளும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, கடலுக்கு இணையாக நீண்டு கிடந்த மணல் மேட்டில் ஊர் அமைந்தது. மேற்கே பரந்ததொரு ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை வளைந்து நீண்ட அந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரிக்கரைச் சாலை, லேக் வியூ ரோடு என்ற பெயரில் வழங்குகிறது. ஏரியைத்தான் காணோம். ஆக, பழைய மயிலை கிழக்கே கடலும் மேற்கே ஏரியும் இருபுறமும் ஆறுகளுமாக, ஏறக்குறைய ஒரு தீவு போலவே இருந்தது. கடலோர மணல் மழைநீரை வடித்துத் தன்னுள் தேக்கிக்கொள்ளும்; அதனால் கடலுக்கு வெகு அருகிலேயே நல்ல தண்ணீர்க் கிணறுகள் அமைந்தன. பேயாழ்வார் ஐப்பசிச் சதயத்தில் ஒரு கிணற்றில் மலர்ந்த செங்கழுநீர்ப் பூவில் அவதரித்தார் என்பது வைணவ மரபு. அந்தக் கிணறு அருண்டேல் தெருவில் இன்றும் போற்றப்படுகிறது. அலையோசை கேட்கும் தூரத்தில் உப்புக் கரிக்காத நீரூற்று இருந்தது என்பதே ஊர் தழைத்ததற்கு முதற்காரணமாக இருந்திருக்க வேண்டும்.

குறை ஒன்று இருந்தது. இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்ந்த நீரில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளையும் மனிதர்களையும் படகிலும் கட்டுமரத்திலும் ஏற்றி, நுரைத்து உடையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்க்க வேண்டும். அந்த வித்தை கடற்கரை மீனவருக்கே கைவந்தது. பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலை மோதினாலும் பிளக்காமல் நெகிழ்ந்து கொடுக்கும். வணிகர் செல்வம், அரசர் பெருமை, கோயில் விளக்குக்கு எண்ணெய் யாவும் கடைசி அரை மைல் தூரம் இந்த மீனவர் தோளைச் சார்ந்தே இருந்தன. புராணங்கள் வணிகரைப் பெயர் சொல்லிப் போற்றுகின்றன. துடுப்பு வலித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் வாழும் மக்கள் அவர்கள் மரபினர்.

ஊரில் சைவரும் வைணவரும் மட்டும் இருக்கவில்லை. சமணரும் வாழ்ந்தனர். நேமிநாதருக்குக் கடலருகே ஒரு கோயில் இருந்தது. கடலுக்கு அஞ்சி அத்திருமேனியை மேல்சித்தாமூருக்குக் கொண்டு சென்றார்கள் என்பது தமிழ்ச் சமணர் மரபு. நேமிநாதம் என்னும் இலக்கண நூலின் பெயரும், நன்னூலுக்கு உரை செய்த மயிலைநாதரின் பெயரும் அந்தத் தொடர்பை நினைவூட்டுகின்றன. இயேசுவின் சீடர் தோமையார் இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்ற நம்பிக்கையால் கிறித்தவரும் தொலைவிலிருந்து வந்தனர். துறைமுகம் என்றால் அப்படித்தான். கப்பல் சரக்கை மட்டும் கொண்டுவருவதில்லை.

பின்னர் ஊர் தளர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோமையார் கல்லறையைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, அது மக்கள் மிகுதியில்லாத சிற்றூர் என்றும், வாங்கத்தக்க சரக்கு அதிகம் இல்லாததால் வணிகர் அங்கே அதிகம் செல்வதில்லை என்றும், எளிதில் போய்ச் சேரக்கூடிய இடமும் அன்று என்றும் குறித்தார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடற்கரையைப் பற்றி எழுதிய துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கீசியர், மயிலாப்பூர் பெரிதும் ஆளரவம் அற்றுக் கிடப்பதாகச் சொல்கிறார். சேக்கிழார் கண்ட பல பெருங்குடிகள் எங்கே போயின? வடக்கே பழவேற்காடு விசயநகரப் பேரரசின் முக்கியத் துறையாக எழுந்தது ஒரு காரணம். அங்கே கப்பலுக்குப் பாதுகாப்பான காயல் உண்டு. மயிலையில் திறந்த கடல்தான். வாணிகம் வசதியான இடத்துக்கு நகர்ந்துவிடும். ஆனால் வழிபாடு அவ்வாறு நகரவில்லை. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் மயிலைச் சிங்காரவேலரைப் பாடும்போது, கடலலை அருகே சூழ்ந்த ஊராகவே மயிலையைக் காட்டுகிறார். வணிகர் கூட்டம் குறைந்த காலத்திலும் கரையில் கோயில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இனி வருவது, மயிலை அன்பர் மனத்தை இன்றும் வருத்தும் பகுதி. 1520களில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறினர். துணி வாணிகம் மீண்டும் பெருகியது. மலாக்காவுக்குக் கப்பல்கள் சென்றன. மதில் சூழ்ந்த நகரம் எழுந்தது. 1606இல் அது ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடமும் ஆயிற்று. இக்காலத்தில்தான் கடற்கரையில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் மறைந்தது. போர்த்துக்கீசியர் இடித்தனர் என்பது ஒரு சாரார் கருத்து. கடல் கொண்டது என்பது மற்றொரு சாரார் கருத்து. கடல் அரித்த கோயிலின் எஞ்சிய கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன என்று இரண்டையும் இணைத்துச் சொல்வாரும் உளர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்தோம் தேவாலய வளாகத்தில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. அவை சோழர் காலத்தில் அந்தப் பக்கத்தில் சிவாலயம் ஒன்று இருந்ததை உணர்த்துகின்றன. அது எப்படி மறைந்தது என்பதைக் கற்கள் சொல்லவில்லை. மேடையில் எளிதாக முடிவு கூறிவிடலாம். அந்தக் காலத்துக் கடலின் வேகத்தையும் அந்தக் காலத்து மனிதரின் வேகத்தையும் ஒருங்கே அறிந்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதன்று.

போர்த்துக்கீசியரின் நகரமும் நிலைக்கவில்லை. 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை சாந்தோமைக் கைப்பற்றியது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் முற்றுகையிட, 1674இல் அவர்களும் பணிந்தனர். கோட்டை மதில்களும் பின்னர் தகர்க்கப்பட்டன. அதற்குள் வடக்கே, 1639இல் ஆங்கிலேயர் பெற்ற மணல் திட்டில் சென்னப்பட்டினம் வளரத் தொடங்கிவிட்டது. 1749இல் மயிலையும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பழைய துறைமுகம் புதிய துறைமுகத்தின் ஒரு பேட்டையாக ஒடுங்கியது.

ஆயினும் மயிலை மக்கள் தங்கள் இறைவனை மறக்கவில்லை. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, இன்றுள்ள இடத்தில் புதிய கோயில் எழுந்தது. மயிலை நாட்டு முத்தியப்ப முதலியார் என்ற அன்பர் அதைக் கட்டுவித்தார் என்பது தலவரலாறு. பழைய கோயிலைத் தேடி அழுதுகொண்டிராமல், அதே பெயரில், அதே புன்னையோடு, அதே விழாக்களோடு அவர்கள் மீண்டும் தொடங்கினர். இன்று வானளாவி நிற்கும் கீழை ராஜகோபுரம் 1906இல் எழுந்தது. கபாலீசுவரர், வெள்ளீசுவரர், காரணீசுவரர், விருபாட்சீசுவரர், வாலீசுவரர், மல்லீசுவரர், திருவல்லிக்கேணித் தீர்த்தபாலீசுவரர் என்று ஏழு சிவாலயங்களை ஒருசேரத் தரிசிக்கும் வழக்கமும் தொடர்கிறது. ஒரு முறை அந்த ஏழையும் நடந்தே தரிசித்தவருக்குப் பழைய பட்டினத்தின் பரப்பு ஓரளவு காலுக்குப் புரிந்துவிடும். பங்குனிப் பெருவிழா தொடங்குமுன் ஊர்க்காவல் தெய்வமான கோலவிழி அம்மனுக்குப் பூசை செய்வதும் பழைய ஊர்க் கட்டுமானத்தின் மிச்சமே.

கடலும் தன் இடத்தை மாற்றிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கே செயற்கைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அவற்றால் தடுக்கப்பட்டுத் தென்புறத்தில் சேர்ந்தது. மெரினாவின் அகன்ற மணற்பரப்பு அப்படி வந்தது. வடபுறத்திலோ இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. 1877-78 தாது வருடப் பஞ்சத்தில், பட்டினியால் வாடியவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டினார்கள். அதுவே கோயிலுக்கும் கடலுக்கும் குறுக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய். அதன் மீதுதான் இன்று பறக்கும் ரயிலின் திருமயிலை நிலையம் நிற்கிறது. அந்தப் பஞ்சத்துக்குச் சற்று முன், 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை நகர் முழுவதற்கும் நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களே இருந்தனர். 2011இல் 46 லட்சத்துக்கும் மேல். இந்தப் பெருக்கத்தில் மயிலையின் பழங்குடிகள் பலர் வீட்டை விற்று அடையாறுக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். அறுபத்து மூவர் விழாவன்று மட்டும் அவர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அன்று காலை குளக்கரையில் பூம்பாவை உயிர் பெற்றெழும் ஐதிகம் நடைபெறும்போது, கூட்டத்தில் பாட்டிமார் சிலர் கண்களைத் துடைத்துக்கொள்வதைக் காணலாம்.

கடலை மறந்தவர்களுக்கு 2004 டிசம்பர் 26 அதை நினைவூட்டியது. மார்கழிப் பௌர்ணமி நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை குப்பங்களுக்குள் புகுந்தது. கரையோரக் குடிசைகளும் படகுகளும் சிதைந்தன, உயிர்களும் போயின. பழைய கோயிலைக் கடல் கொண்டது என்ற பேச்சை வெறும் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கடல் ஊருக்குள் வருவது எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்தது.

மாசி மகம் ஆண்டுதோறும் வருகிறது. அன்று உற்சவமூர்த்திகள் மேளதாளத்துடன் புறப்பட்டு, கால்வாயைக் கடந்து, கிழக்கே கடற்கரைக்கு எழுந்தருளுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பூம்பாவைக்குச் சொல்லிக் காட்டிய அதே கடலாட்டு. இடையில் துறைமுகம் போயிற்று, கோயில் போயிற்று, கோட்டை வந்தது, அதுவும் போயிற்று. தீர்த்தவாரிக்கு மணலில் அன்பர் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. முதியவர்களைப் பிள்ளைகள் கைத்தாங்கலாக அலை வரைக்கும் அழைத்துச் செல்கிறார்கள். குப்பத்து மக்கள் படகுகளுக்கு அருகே நின்று கை குவிக்கிறார்கள். நீராட்டம் முடிந்து, ஈரம் சொட்டும் வேட்டியோடும் புடவையோடும், புட்டியில் கடல்நீர் எடுத்துக்கொண்டு மக்கள் கரையேறும்போது, சுவாமி மேற்கே கோயிலை நோக்கித் திரும்பியிருப்பார்.